தீம் பார்க் கேட்ல தயிர் சாதத்துக்கு வழி விடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல கோடை லீவுக்கு குடும்பத்தோட போறதுக்கு தீம் பார்க் லிஸ்ட் ஒண்ணு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர், மதுரை அதிசயம், ஈசிஆர்ல வி.ஜி.பி., எம்.ஜி.எம்., பூந்தமல்லி தாண்டி குயின்ஸ்லாண்ட், அந்தப் பக்கம் பெங்களூர் பிடதியில வொண்டர்லான்னு வரிசையா, எந்த ரைடு வயித்தைக் கலக்கும், டிக்கெட் எவ்ளோ, எந்த பஸ்ஸைப் பிடிக்கணும்னு எல்லாம் இருந்துச்சு, நல்லாவே எழுதியிருந்தாங்க. படிச்சிட்டு எங்க வீட்டுக்காரர்ட்ட நீட்டினேன், அவர் முன்னயும் பின்னயும் திருப்பிப் பாத்துட்டு "சாப்பாட்டைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே"ன்னார். அதுக்குத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமாத்தான் போகும், இடம் பத்தலைன்னா வெட்டிக்கோங்க, ஆனா கேட்ல டிபன் பாக்ஸை நிறுத்துற விஷயத்தை மட்டும் வெட்டிராதீங்க.

எங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க. பெரியவன் எது வச்சாலும் சாப்புடுவான், தட்டுல என்ன இருக்குன்னே பாக்க மாட்டான். சின்னவளுக்கு ஆறு வயசு, அவ வேற ரகம். வெள்ளை இட்லிக்கு சீனி, அவ்ளோதான், சட்னியோ சாம்பாரோ அதே தட்டுல ஒரு ஓரத்துல இருந்தாக்கூட அந்த இட்லி செத்துப்போச்சு. தயிர் சாதம் சாப்புடுவா ஆனா தாளிச்சுக் கொட்டக்கூடாது, ஒரு கடுகு கிடந்தா போதும், எறும்பு விழுந்துருச்சுன்னு தட்டைத் தள்ளிருவா. அப்பளம் ஓகே, வடாம் ஆகாது. வாழைப்பழம் ஓகே, தோல்ல கருப்புப் புள்ளி விழுந்தா ஆகாது. பிஸ்கட்ல ஒரே ஒரு கம்பெனி, அதுலயும் உடைஞ்சதை சாப்புட மாட்டா. நூடுல்ஸ் பிடிக்கும்னு யாராச்சும் சந்தோஷப்பட்டு கேரட் பீன்ஸ் நறுக்கிப் போட்டு குடுத்தா அன்னைக்கு நூடுல்ஸும் லிஸ்ட்ல இருந்து போயிரும்.

இதைப் படிக்கிற பாதிப் பேர் இப்பவே "எல்லாம் குடுக்குற செல்லம்"னு சொல்லிருப்பீங்க, எனக்குத் தெரியும். என் நாத்தனார் வாரா வாரம் போன்ல சொல்றதுதான், ஒரு நாள் பட்டினி போடு, பசிச்சா தானா திங்கும்னு. என் மாமியாரு மட்டும் எதுவும் சொல்ல மாட்டாங்க, ஏன்னா அவங்க பெத்த பிள்ளையும், அதாவது எங்க வீட்டுக்காரரும், எட்டு வயசு வரைக்கும் பருப்பு சாதத்தைத் தவிர எதையும் தொட்டதில்லையாம், இப்ப அவரு திங்காதது இந்த ஊர்ல ஒண்ணும் கிடையாது. பிள்ளைங்க டாக்டர்ட்ட கேட்டதுக்கு, ரெண்டு வயசுல இருந்து ஆறு வயசு வரைக்கும் புதுச் சாப்பாட்டைக் கண்டா மிரள்றது ரொம்ப சகஜம், எடையும் உயரமும் சரியா ஏறுதான்னு மட்டும் பாருங்க, ஒரே ஐட்டத்தை வற்புறுத்தாம பத்துப் பதினஞ்சு தடவை கண்ணுல காட்டிக்கிட்டே இருந்தா ஒரு நாள் கை போகும்னார். சில பிள்ளைகளுக்கு இது இதையும் தாண்டிப் போகும், வாசனை, வழவழப்பு, நிறம் எதுவுமே தாங்காது, ஆட்டிசம் இருக்க பிள்ளைங்க நிறையப் பேருக்கு அப்படி இருக்கும். 2013ல அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் போட்ட புது கையேட்டுல இந்த மாதிரி சாப்பாட்டைத் தவிர்க்குறதுக்குன்னு தனியா ஒரு கோளாறையே சேத்துட்டாங்க. எங்க பொண்ணு அந்த அளவுக்கு இல்ல. ஆனா அப்படி ஒரு பிள்ளையை வச்சுக்கிட்டு இருக்க அம்மா ஒருத்தங்க எங்க தெருவுலயே இருக்காங்க, அவங்க வெளியூர் போறதையே விட்டுட்டாங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன வருஷ லீவுல நாங்க, என் அண்ணன் குடும்பம், எல்லாருமா ஒரு பெரிய பார்க்குக்குப் போனோம். எந்த ஊர், எந்த பார்க்னு எழுதல, ஏன்னா இது அந்த ஒரு பார்க்கோட கதை மட்டும் இல்ல, பக்கத்து வீட்டுக்காரங்க, ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவங்க எல்லாம் வேற வேற இடம் போயிட்டு வந்து இதையேதான் சொல்றாங்க. கேட்ல பை செக்கிங். தண்ணி பாட்டிலை விட்டாங்க, துண்டை விட்டாங்க, சின்ன எவர்சில்வர் டப்பாவை மட்டும் எடுத்து மேஜை மேல வச்சிட்டாங்க. உள்ள வெறும் தயிர் சாதம். "அவுட்சைடு ஃபுட் அலவுட் இல்ல மேடம்." குழந்தைக்குப்பான்னேன். "பால் பாட்டில், செர்லாக் மாதிரி இருந்தா ஓகே, ரெண்டு வயசுக்குக் கீழதான்." அந்தப் பையன் மேல எனக்குக் கோபமே இல்ல, மரியாதையாத்தான் பேசினான், அவனுக்கு மேல ஒருத்தர் நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு, விட்டா அவன் வேலை போயிரும்.

அந்த கேட்டுக்கு வெளிய நீங்க ஒரு போட்டோகிராபரை அனுப்பணும் சார். மதில் ஓரமா நிழலே இல்லாத இடத்துல குடும்பம் குடும்பமா நின்னுக்கிட்டே சாப்புடுறாங்க, காலைல பத்தரை மணிக்கு புளியோதரை, சப்பாத்தி ரோல், எலுமிச்சம்பழ சாதம், கீழ போடவும் மனசு வராது உள்ள கொண்டு போகவும் முடியாது, அதனால பசிக்காத வயித்துக்குள்ள திணிச்சுக்கிட்டு இருக்காங்க. ஒரு பாட்டி முறுக்கு டப்பாவைத் திறந்து வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் குடுத்துட்டு இருந்துச்சு. எங்க அண்ணன் ரெண்டு எடுத்துக்கிட்டாரு, நல்லா இருந்துச்சாம்.

உள்ள சாப்பாடு மோசம்னு சொல்ல மாட்டேன். பெரிய ஹால், ஏசி, பஃபே, புலாவ், கோபி மஞ்சூரியன், பூரி சோலே, சாம்பார் சாதம் எல்லாம் சுடச்சுட. தயிர் சாதமும் இருந்துச்சு, போர்டைப் பாத்ததும் எனக்கு உயிர் வந்துச்சு. கிட்டப் போனா அது மேல துருவின கேரட், மாதுளம் முத்து, முந்திரி, கொத்தமல்லி, கடுகு, கறிவேப்பிலை, காஞ்ச மிளகாய்னு கல்யாண வீட்டு அலங்காரம். நான் ஓரமா உக்காந்து ஒவ்வொரு மாதுளம் முத்தா பொறுக்கி எடுத்தேன், எடுத்து என்ன, சாதம் அங்கங்க ரோஸ் கலராயிருச்சு, அவ ஒரு பார்வை பாத்தா, முடிஞ்சது. சமையல்காரர்ட்ட வெறும் சாதமும் தனியா தயிரும் கிடைக்குமான்னு கேட்டோம், அவருக்குக் குடுக்கணும்னுதான் ஆசை, ஆனா எல்லாம் மொத்தமா கலந்துதான் வருதாம். ஒரு அப்பளம், ஒரு கப் ஐஸ்கிரீம், இதை வச்சு அந்தப் பிள்ளை வெயில்லயும் தண்ணியிலயும் எவ்ளோ நேரம் தாங்கும். மூணு மணிக்கெல்லாம் தோள்ல தொங்கிருச்சு. அலைக்குளத்துக்கு அவ ரெண்டு மாசமா காத்துக்கிட்டு இருந்தா, அதைப் பாக்காமலே கிளம்பினோம். பெரியவன் கார்ல ஒரு வார்த்தை பேசல. டிக்கெட் காசு அவளுக்கும் அவனுக்கும் முழுசாத்தான் குடுத்திருந்தோம்.

இந்த இடத்துல சட்டம் தெரிஞ்சவங்க எழுந்திருச்சு வருவாங்க, சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சேம்மான்னு. ஆமா, சொல்லிருக்கு, ஆனா என்ன சொல்லிருக்குன்னு முழுசாப் பாக்கணும். 2018ல ஜம்மு காஷ்மீர் ஹைகோர்ட், தியேட்டர்ல வெளிச் சாப்பாட்டைத் தடுக்கக்கூடாதுன்னு ஒரு உத்தரவு போட்டுச்சு. அதை எதிர்த்து தியேட்டர்காரங்க போன கேஸ்ல 2023 ஜனவரி 3ஆம் தேதி தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி நரசிம்மா பெஞ்ச் அந்த உத்தரவை ரத்து பண்ணிருச்சு. தியேட்டர் தனியார் சொத்து, உள்ள என்ன வரலாம் வரக்கூடாதுன்னு முடிவு பண்ற உரிமை ஓனருக்கு உண்டு, வேணாம்னா நீங்க அங்க வாங்காம இருக்கலாம், யாரும் கட்டாயப்படுத்தலன்னு. ஜிலேபி கொண்டு வந்து தின்னுட்டு சீட்ல கையைத் தொடைச்சா யாரு கிளீன் பண்றதுன்னு அன்னைக்கு கோர்ட்ல கேட்டதை நீங்களும் செய்தியா போட்டிருந்தீங்க, எல்லாரும் சிரிச்சோம். அதே உத்தரவுல இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு, அது யாருக்கும் ஞாபகம் இல்ல. சுத்தமான குடிதண்ணி இலவசமா குடுக்கணும். சின்னக் குழந்தையோட வர்றவங்க, குழந்தைக்கு வேண்டிய அளவு சாப்பாடு கையில கொண்டு வர்றதைத் தடுக்குறதில்லங்குறதும் அதுல பதிவாயிருக்கு.

அது தியேட்டர் கேஸ், பார்க்குக்கு நேரா பொருந்தாதுன்னு சொல்வீங்க, நானும் அப்படித்தான் சொல்றேன், இன்னும் ஒரு படி மேல போய்ச் சொல்றேன். படம் ரெண்டரை மணி நேரம், வீட்ல சாப்டுட்டுப் போனா பாப்கார்ன் இல்லாம தாராளமா வந்துரலாம், வாங்குறதும் வாங்காததும் என் இஷ்டம்ங்குறது அங்க சரிதான். பார்க் காலைல பத்து பதினொண்ணுக்குத் திறந்து சாயங்காலம் ஆறு வரைக்கும், நடுவுல மத்தியானச் சாப்பாடு நேரம் முழுசா உள்ளயே போகுது. ஆறு வயசுப் பிள்ளையை மத்தியானம் சாப்புடாம இருன்னு சொல்றது இஷ்டம் ஆகுமா? வாங்காம இருக்குற சுதந்திரம் எனக்கு இருக்கு, அவளுக்கு இருக்கா?

வெளிநாட்டுல எல்லாம் எப்படின்னு தேடிப் பாத்தேன், அங்கயும் ஒரே மாதிரி இல்ல. சீனாவுல ஷாங்காய் டிஸ்னிலாண்ட்ல 2019ல ஒரு சட்டக் கல்லூரி மாணவி தின்பண்டத்தோட போயிருக்கா, கேட்ல நிறுத்திட்டாங்க, நேரா கோர்ட்டுக்குப் போயிட்டா. அது ஊர் பூரா பேச்சாயி கடைசியில சமரசம் ஆச்சு, அவளுக்கு 50 யுவான் குடுத்தாங்க, அது பெரிய காசு கிடையாது, ஆனா அந்த செப்டம்பர்லயே பார்க் ரூலை மாத்திட்டாங்க. சொந்தச் சாப்பாடு கொண்டு வரலாம், சுட வைக்கிற மாதிரி ஐட்டமும் டுரியன் பழம் மாதிரி ஊரைக் கூட்டுற வாசனையும் மட்டும் வேணாம்னு. அமெரிக்காவுல ஃபுளோரிடா டிஸ்னி வேர்ல்ட் 1971ல திறந்தது, அங்க நம்ம சாப்பாட்டை நாமளே எடுத்துட்டுப் போலாம், கண்ணாடி பாட்டிலும் சரக்கும்தான் ஆகாது. என் சித்தி பொண்ணு அங்க இருக்கா, ஆர்லாண்டோ போறப்ப புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கிட்டுப் போய் உள்ள பெஞ்சுல உக்காந்து சாப்பிட்ட போட்டோவை குரூப்ல போட்டா, நான் அதைப் பாத்துட்டு ரெண்டு நாள் பொருமிக்கிட்டு இருந்தேன். ஜப்பான்ல டோக்கியோ டிஸ்னிலாண்ட் கண்டிப்பு, உள்ள கூடாது, ஆனா கேட்டுக்கு வெளியவே மேஜை நாற்காலி போட்டு உக்காந்து சாப்பிட இடம் பண்ணி வச்சிருக்காங்க. சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸ்லயும் வெளிச் சாப்பாடு விடுறதில்ல, நம்ம ஊர் கூட்டம் லீவுக்கு அங்கதானே அதிகம் போகுது, அதனால போறவங்க காலைல சிராங்கூன் ரோட்ல வயிறு நிறைய இட்லி சாப்பிட்டுட்டு அப்புறம் செந்தோசா பக்கம் போறது உத்தமம்.

பார்க் நடத்துறவங்க பக்கமும் நியாயம் இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். நம்ம ஜனங்களைப் பத்தித் தெரியாதா, பிரியாணி எலும்பை நீச்சல் குளத்து ஓரம் போட்டுட்டு வர்ற ஆளுங்க இருக்காங்க. இலையும் பாலித்தீன் கவரும் கிடந்தா எறும்பு, நாய், மலை அடிவாரமா இருந்தா குரங்கு. கெட்டுப்போன சாப்பாட்டைத் தின்னுட்டு ரைடுல வாந்தி எடுத்தா பார்க் சாப்பாடு சரியில்லன்னு அவங்க மேலதான் பழி விழும். டிக்கெட்டை மட்டும் வச்சு அந்த ராட்டினத்தை எல்லாம் பராமரிக்க முடியாது, உள்ள விக்கிற சாப்பாட்டுலயும்தான் பொழப்பு ஓடுது, அதுவும் புரியுது. நான் கேக்குறது ஊரே கட்டுச்சோறு கட்டிக்கிட்டு வர விடுங்கன்னு இல்ல. பன்னெண்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு ஒரு டப்பா. எவர்சில்வர் டப்பா, அதுல குப்பையே வராது, 2019 ஜனவரியில இருந்து தமிழ்நாட்டுல ஒரு தடவை தூக்கிப் போடுற பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கு, அதனால அந்தச் சாக்கும் வேணாம். சாப்பிடுறது ஃபுட் கோர்ட்டுக்குள்ள மட்டும்னு சொல்லுங்க, கேட்டுக்குறோம். கூட வர்ற நாலு பெரியவங்க எப்படியும் உங்க பஃபேலதான் சாப்பிடப் போறோம், ஒரு டப்பா தயிர் சாதத்துல உங்களுக்கு என்ன நஷ்டம் வந்துரும்? இன்னும் சொல்லப்போனா அந்தப் பிள்ளை சாப்பிட்டு தெம்பா இருந்தா நாங்க சாயங்காலம் வரைக்கும் உள்ளயே இருப்போம், நாலு மணிக்கு காபி, பஜ்ஜி, பெரியவனுக்கு இன்னொரு ஐஸ்கிரீம்னு காசும் அங்கதான் போகும்.

அதுவும் முடியாதுன்னா ரெண்டாவது வழி, வெறும் சாதம், கெட்டித் தயிர், சும்மா இட்லி, தாளிக்காத பருப்பு, இந்த நாலையும் ஒரு ஓரமா "குழந்தைகளுக்கு"ன்னு போர்டு மாட்டி வைங்க. காரம் கிடையாது, தாளிப்பு கிடையாது, அலங்காரம் சுத்தமா கிடையாது. ஹோட்டல்ல கேட்டா குடுக்குறாங்களே. கேட்டரிங்காரங்களுக்கு இதை விட சல்லிசான வேலை வேற இல்ல.

இது எல்லாம் நடக்குற வரைக்கும் எங்களை மாதிரி ஆளுங்க என்ன பண்றது, அதையும் எழுதிடுறேன், யாருக்காச்சும் உதவும். முதல்ல போன். வெப்சைட்ல ரூல் ஒரு மூலையில இருக்கும், அதை நம்பாதீங்க, புக் பண்றதுக்கு முந்தி கஸ்டமர் கேர்ல கூப்பிட்டு கேளுங்க, குழந்தைக்குச் சாப்பாடு எத்தனை வயசு வரைக்கும் விடுவீங்க, நடுவுல வெளிய போய்ட்டு திரும்ப உள்ள வரலாமா, இந்த ரெண்டும்தான் முக்கியம். சொன்னவங்க பேரு, கூப்பிட்ட நேரத்தைக் குறிச்சு வச்சுக்கிட்டு, முடிஞ்சா அதையே மெயில்லயும் கேட்டு பதிலை போன்ல வச்சுக்கோங்க, கேட்ல "அப்படி யாரு சொன்னா"ன்னு கேட்டா காட்டலாம். அலர்ஜியோ ஆட்டிசமோ இருந்தா டாக்டர்ட்ட ஒரு சின்ன லெட்டர் வாங்கிக்கோங்க, நிறைய இடத்துல அதைப் பாத்து விட்டுருவாங்க.

திரும்ப உள்ள வர விடுறாங்கன்னா பாதிப் பிரச்சனை தீர்ந்துச்சு. சாப்பாட்டை கார்லயே வச்சிட்டு, ஒரு மணிக்கு வெளிய வந்து சாப்பிட்டுட்டுப் போலாம். பஸ்ல போறவங்களுக்கு இது கஷ்டம், லாக்கர் கேட்டுக்கு வெளிய இருக்கான்னு கேட்டுக்கோங்க. ஆனா ஒண்ணு, மே மாசம் மூடின கார் அடுப்பு மாதிரி இருக்கும், அதுக்குள்ள சாதத்தை வச்சா அவ்ளோதான். சமைச்ச சாதம் சூட்டுல மணிக்கணக்கா கிடந்தா அதுல கிருமி பெருகி விஷம் கக்கும், திரும்ப சுட வச்சாலும் அந்த விஷம் போகாது. அதனால ஐஸ் பேக் போட்ட பை ஒண்ணு வாங்கிக்கோங்க, இல்லன்னா தண்ணி பாட்டிலை முந்துன நாள் ராத்திரி ஃப்ரீசர்ல போட்டு அது நடுவுல டப்பாவை வைங்க, உருகினா குடிக்கவும் ஆச்சு. தயிர் சாதத்துக்கு எங்க அம்மா காலத்து ரயில் பயண டெக்னிக்தான், சாதத்தைக் குழைய வடிச்சு, காய்ச்சின பாலை நிறைய ஊத்திப் பிசைஞ்சு, வெதுவெதுப்பு வந்ததும் ஒரே ஒரு ஸ்பூன் தயிர், அவ்ளோதான். மத்தியானம் திறக்குறப்ப புளிக்காம இருக்கும். பாலைக் கம்மி பண்ணிராதீங்க, கெட்டியாயி கட்டி தட்டிரும், அப்புறம் அதுவும் வேணாம்பா.

ஹோட்டல் ரூம் போடுறப்ப காலை டிபன் சேத்து வர்ற மாதிரி போடுங்க, பத்து ரூபா கூடப் போனாலும் பரவால்ல. பஃபே டிபன்ல எப்படியும் இட்லி இருக்கும், பெங்களூரா இருந்தாலும் கொச்சியா இருந்தாலும் இருக்கும். எழுந்ததும் கிளம்புற அவசரத்துல பிள்ளைங்க சரியா சாப்புடாது, அதனால அரை மணி நேரம் முந்தி எழுப்பி நிதானமா உக்கார வைங்க. நல்லா சாப்பிட்டதும் சுத்துற ரைடுல ஏத்தாதீங்க, காது சொல்றது ஒண்ணு கண்ணு சொல்றது ஒண்ணா மூளை குழம்பித்தான் குமட்டல் வருதாம். அதே சமயம் வெறும் வயித்துல ஏத்தினாலும் குமட்டும், அதனால ரெண்டு பிஸ்கட்டு, கொஞ்சம் பழம்னு அப்பப்ப. பெரிய ரைடு நிறையவற்றுக்கு உயரக் கட்டுப்பாடு இருக்கு, 140 செ.மீ. வேணும்பாங்க, எப்படியும் சின்னதுங்க ஏற முடியாது, அந்த நேரத்தை சாப்பாட்டுக்கு வச்சுக்கோங்க. பெரியவனை அப்பா கூட ரைடுக்கு அனுப்பிட்டு நீங்க சின்னதைக் கூட்டிக்கிட்டு ஓரமா உக்காந்து ஊட்டலாம். ஃபுட் கோர்ட்டுக்கு பன்னெண்டு மணிக்கே போயிருங்க, ஒரு மணிக்கு மேல அங்க சத்தமும் கூட்டமும் எல்லா சாப்பாட்டு வாசனையும் சேந்து அடிக்குறப்ப நம்ம பிள்ளை வாயையே திறக்காது.

அப்புறம் இது என் சொந்த அபிப்ராயம், டூர் போன இடத்துல புதுச் சாப்பாடு பழக்காதீங்க. "இவ்ளோ காசு குடுத்திருக்கு, ஒரு வாய் டேஸ்ட் பாரேன்"னு பெரியவங்க ஆளாளுக்கு ஆரம்பிப்பாங்க, அதுலயே அந்த நாள் போயிரும். பழக்குறதுக்கு வருஷத்துல மிச்ச நாள் பூரா வீடு இருக்கு. மூணு நாள் ஒரே இட்லி சீனி தின்னா பிள்ளை ஒண்ணும் ஆயிராது, டாக்டரே சொன்னாரு. கூட வர்ற சொந்தக்காரங்ககிட்ட கிளம்புறதுக்கு முந்தியே சொல்லிருங்க, இவ சாப்பாட்டைப் பத்தி யாரும் பேசக்கூடாது, கிண்டல் பண்ணக்கூடாதுன்னு. நான் எங்க அண்ணிட்ட சொன்னேன், முகம் கொஞ்சம் சுண்டுச்சு, ஆனா டூர் முழுக்க வாயைத் திறக்கல, நல்ல மனுஷி.

தண்ணி பாட்டில், பாக்கெட் பிஸ்கட் மேல அச்சடிச்ச எம்ஆர்பிக்கு மேல கேட்டா பில் வாங்கிக்கோங்க, 1915ன்னு நுகர்வோர் ஹெல்ப்லைன் இருக்கு, தமிழ்லயும் பேசலாம். அங்க நின்னு சண்டை போட்டு லீவு நாளைக் கெடுத்துக்காதீங்க, வீட்டுக்கு வந்து போன் போடுங்க.

இப்ப உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை இந்த லிஸ்ட் போடுறப்ப டிக்கெட் விலை, ரைடு பேருக்குப் பக்கத்துலயே இன்னும் ஒரு நாலு கட்டம் போடுங்க சார். குழந்தைச் சாப்பாடு உள்ள விடுவாங்களா, எத்தனை வயசு வரைக்கும், வெளிய போயிட்டு வரலாமா, இலவச குடிதண்ணி எங்க இருக்கு. உங்க நிருபர் போன் பண்ணிக் கேட்டா ஒழுங்கா பதில் சொல்வாங்க, எங்களை மாதிரி ஆளுங்க கேட்டா "லைன்ல இருங்க மேடம்"னு பாட்டுதான் போடுறாங்க. பதில் சொல்ல மறுக்குற பார்க் இருந்தா அதையும் அப்படியே அச்சடிச்சிருங்க. நாங்க மே கடைசி வாரத்துல மறுபடி கிளம்பலாம்னு இருக்கோம், எந்த ஊர்னு இன்னும் முடிவு பண்ணல, அதுக்குள்ள போட்டீங்கன்னா அதைப் பாத்துட்டே டிக்கெட் எடுத்துருவோம்.

இப்படிக்கு,
உங்க பேப்பரை தினமும் வாசிக்கிற ஒரு அம்மா,
திருச்சி.